முதலில் தண்டவாளம், பிறகு மோட்டார்

சொந்தமாக ஒரு சி.என்.சி. இயந்திரம் செய்வோம் என்று நம் மாணவர்கள் நான்கு பேர் கூடினால், முதல் கேள்வி மோட்டாரைப் பற்றியதாகத்தான் இருக்கும். எத்தனை வாட், எத்தனை ஆம்பியர், எந்தக் கட்டுப்பாட்டுப் பலகை என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். வெட்டும் தலை எதன் மீது ஓடப்போகிறது என்ற கேள்வி கடைசியில் வரும். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். "தம்பி, இப்போதைக்கு மலிவாக ஏதாவது போட்டுக்கொள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பார் மூத்த மாணவர் ஒருவர். இந்த அறிவுரை தவறு என்பதே என் கருத்து. மோட்டாரைப் பிறகு மாற்றலாம். நான்கு திருகைக் கழற்றினால் வேலை முடிந்தது. தண்டவாளத்தை மாற்ற வேண்டுமானால் சட்டத்தையே உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். துளைகளின் இடம் மாறும், உயரம் மாறும், திருகுத் தண்டின் இடமும் மாறும். ஆகவே, பணம் இருக்கும்போதே முதலில் வாங்க வேண்டியது தண்டவாளமும் அதன் மேல் ஓடும் தாங்கியும்தான்.

பொறியியல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கணினி சொல்லும் வழியில் வெட்டும் அலகை நீளம், அகலம், உயரம் என மூன்று திசைகளில் நகர்த்தும் இயந்திரமே சி.என்.சி. இதன் மூதாதை 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து காட்டப்பட்டது. அன்று ஓர் அறையை அடைத்த மின்னணுக் கருவிகள் செய்த வேலையை இன்று உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆர்டுயினோ பலகை செய்துவிடுகிறது. மூளை மலிந்துவிட்டது, மோட்டாரும் மலிந்துவிட்டது. ஆனால், ஒரு பொருளை நேர்க்கோட்டில், ஆட்டமில்லாமல், ஆயிரம் முறை போய்வரச் செய்வது அன்றும் இன்றும் எளிதன்று.

எங்கள் குழுவில் நான்கு பேர். ஆளுக்கு 400 ரிங்கிட் என்று பேச்சு. அது பி.டி.பி.டி.என். கடனிலிருந்தும் விடுமுறை வேலைச் சம்பளத்திலிருந்தும் வரும் பணம். இரண்டாவது முறை போட யாரிடமும் இல்லை. செய்ய நினைப்பது, ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்புக்கு மர எழுத்துப் பலகைகள். பிள்ளைகள் விரலால் தடவி உணரும்படி ரப்பர் மரப் பலகையில் எழுத்தைக் குழியாகச் செதுக்க வேண்டும். நம் பாட்டிமார் பால் வெட்டிய அதே மரந்தான். பால் வற்றிய பின் வெட்டப்பட்டு மூவார் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மேசை நாற்காலியாகிறது. கழிந்த துண்டுகள் எழுத்துப் பலகைக்கு நன்றாகப் பொருந்தும்.

இங்கேதான் தண்டவாளத்தின் அருமை தெரியவரும். ஆங்கிலத்தின் எல், எச், டி போன்ற பெரிய எழுத்துகள் நேர்க்கோடுகள். இயந்திரத்தில் சற்றுத் தளர்வு இருந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. நம் 'ஞ'வையும் 'ஐ'யையும் 'ழ'வையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை வளைவு, எத்தனை சுழி! ஒரு சுழியின் இடக்கோடியில் அலகு ஒரு கணம் நின்று, வலப்புறம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் தளர்வு வெளிப்படும். மோட்டார் திரும்பிவிட்டது, தாங்கிக்குள் இருக்கும் இடைவெளி தீரும்வரை அலகு திரும்பவில்லை. விளைவு, சுழியின் நான்கு கோடிகளிலும் தட்டையான ஒரு வெட்டு அல்லது சிறு படி விழும். 'ஞ' ஓர் எழுத்தில் இப்படி எத்தனை திருப்பம் என்று விரல் விட்டு எண்ணினால் தெரியும். பிள்ளை விரலை வைத்தால் அந்தப் படி இடறும். வளைவில்லாத மொழிக்காரர்களுக்கு மலிவான தண்டு போதுமோ என்னவோ, நமக்குப் போதாது.

சரி, சந்தையில் என்னதான் கிடைக்கிறது? இரு முனைகளில் மட்டும் பிடிக்கப்பட்ட உருளைத் தண்டு. அடியில் நீளம் முழுவதும் அலுமினியத் தாங்கல் வைத்த உருளைத் தண்டு. சதுர வடிவத் தண்டவாளம். அலுமினியக் காடியில் ஓடும் பிளாஸ்டிக் சக்கரம். மேசை இழுப்பறையின் சறுக்கியை வைத்தும் செய்து பார்ப்பவர்கள் உண்டு. அவர்களின் துணிச்சலைப் பாராட்டிவிட்டு மேலே செல்வோம். பிளாஸ்டிக் சக்கரம் பேனாவால் வரையும் இயந்திரத்துக்கும் லேசர் வெட்டுக்கும் ஏற்றது. மரத்தூள் காடியில் ஒட்டினால் சக்கரம் துள்ளும் என்பதால் எங்கள் வேலைக்கு ஆகாது.

முதல் வகையைப் பார்ப்போம். மாணவர் வடிவமைப்புகளில் 8 மில்லிமீட்டர் உருளைத் தண்டும் எல்.எம்.8.யு.யு. தாங்கியும் அடிக்கடி தலைகாட்டுகின்றன. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? முப்பரிமாண அச்சு இயந்திரத்திலிருந்து. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர் 2005-இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம் உலகமெங்கும் பரவியபோது, 8 மில்லிமீட்டர் தண்டும் அதனோடு பரவியது. அங்கே அது பொருத்தமே. அச்சு முனை உருகிய பிளாஸ்டிக்கை இடுகிறதே தவிர எதையும் தள்ளுவதில்லை. மரத்தை வெட்டும் அலகோ ஒவ்வொரு நொடியும் மரத்தைத் தள்ளுகிறது, மரமும் அலகைத் திருப்பித் தள்ளுகிறது. அச்சு இயந்திரத்தின் எலும்பை வெட்டும் இயந்திரத்துக்கு வைப்பது, மிதிவண்டிச் சக்கரத்தை லாரிக்கு மாட்டுவது போலாகும்.

இதைக் கணக்காகவே காட்டலாம். முதலாண்டுப் பொருள் வலிமைப் பாடத்தில் வரும் வாய்பாடுதான். முனைகளில் தாங்கப்பட்ட தண்டின் நடுவில் சுமை வைத்தால், தொய்வு நீளத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் விட்டத்தின் நான்காம் மடிக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். குறுக்கே 600 மில்லிமீட்டர் நீளத்தில் 16 மில்லிமீட்டர் எஃகுத் தண்டுகள் இரண்டு. நடுவில் சுழலும் மோட்டார், அதன் பிடி, மேல் கீழ் நகரும் பகுதி எல்லாம் சேர்த்து 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தொய்வு ஏறக்குறையக் கால் மில்லிமீட்டர். இன்னும் எதையும் வெட்டவில்லை. தண்டின் சொந்த எடையையும் சேர்க்கவில்லை. அதே நீளத்தில் 12 மில்லிமீட்டர் தண்டு போட்டால் முக்கால் மில்லிமீட்டர் தொய்யும். 20 மில்லிமீட்டர் போட்டால் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்.

நீளத்தை மாற்றிப் பாருங்கள், இன்னும் வியப்பாக இருக்கும். அதே 16 மில்லிமீட்டர் தண்டு 300 மில்லிமீட்டர் நீளமானால் தொய்வு எட்டில் ஒன்றாகி 0.03 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். 1,200 மில்லிமீட்டரானால் எட்டு மடங்காகி 2 மில்லிமீட்டர்! முனைகளை அசையவிடாமல் இறுக்கினால் தொய்வு நான்கில் ஒன்றாகக் குறையும் என்று நூல் சொல்லும். உண்மைதான், ஆனால், நாம் வாங்கும் சிறு அலுமினியப் பிடிகள் அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. அந்தச் சலுகையை நம்பி வீடு கட்ட வேண்டாம்.

ஆகவே, 3018 என்ற பெயரில் விற்கும் சிறு மேசை இயந்திரத்தில் 10 மில்லிமீட்டர் தண்டு இருக்கிறதே என்று யாரும் வாதாட வந்தால், அதன் வேலைப்பரப்பு 300-க்கு 180 மில்லிமீட்டர் மட்டுமே என்பதை நினைவூட்டுங்கள். ஓரடிக்குள் என்றால் உருளைத் தண்டு போதும். குறைந்த செலவு, சற்றுக் கோணலாகப் பொருத்தினாலும் தாங்கி தண்டைச் சுற்றித் தானாகத் திரும்பி இடம் கொடுக்கும். நீளம் கூடக் கூட அந்த மலிவு பொய்யாகிவிடும்.

உருளைத் தண்டு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வன்பொருள் கடையில் கிடைக்கும் பளபளப்பான எஃகுக் கம்பி இதற்கு ஆகாது. தாங்கிக்குள் இருக்கும் குண்டுகள் ஊசிமுனை அளவு இடத்தில் தண்டைத் தொடுகின்றன. மென்மையான கம்பியாயின் சில வாரங்களில் குண்டுகள் தமக்கென வாய்க்கால் வெட்டிக்கொள்ளும். மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட தண்டு வேண்டும். ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டி இருக்கும். சோதிப்பது எளிது. முனையில் ஓர் அரத்தை வைத்துத் தேயுங்கள். கடினமான தண்டில் அரம் வழுக்கும், மென்மையானதில் கடிக்கும்.

அடுத்தது, அடியில் தாங்கல் வைத்த உருளை. கடைகளில் எஸ்.பி.ஆர்.16, எஸ்.பி.ஆர்.20 என்ற பெயர்களில் கிடைக்கும். தாங்கல் நீளம் முழுவதும் இருப்பதால், மேலே கணக்கிட்ட தொய்வு தண்டில் இராது. அதைச் சுமக்கும் சட்டத்தைப் பொறுத்ததாகிவிடும். இது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால், தாங்கலுக்கு வழிவிட வேண்டியிருப்பதால் தாங்கி முழு வட்டமாக இராது, அடியில் திறந்திருக்கும். மேலிருந்து அழுத்தும் சுமையை நன்றாக ஏற்கும் அது, திறந்த பக்கமாக இழுக்கும் சுமையை அவ்வளவாக ஏற்பதில்லை. குறுக்குப் பாலத்தில் இதைப் பக்கவாட்டில் மாட்டும்போது, சுமை எந்தப் பக்கம் வருகிறது என்று பலர் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் இது இரண்டும் கெட்டான். சீனத் தயாரிப்புச் சதுரத் தண்டவாளங்களின் விலை இறங்கி இதன் விலையை நெருங்கிவிட்ட பிறகு, இதை வாங்கக் காரணம் குறைவு. நியாயமாகச் சொன்னால், ஒரே ஒரு காரணம் மிஞ்சுகிறது: சட்டம் பலகையால் ஆனது, மட்டம் பார்க்க வழியில்லை என்னும் நிலையில் இதன் நெகிழ்வு கைகொடுக்கும்.

இனி, சதுரத் தண்டவாளம். உருளைத் தண்டில் ஓடும் குண்டுத் தாங்கியை அமெரிக்காவின் தாம்சன் நிறுவனம் 1940-களில் கொண்டுவந்தது. ஜப்பானின் டி.எச்.கே. நிறுவனம் 1972-இல் எல்.எம். கைடு என்ற பெயரில் தண்டவாளத்தோடு கூடிய தாங்கியை உருவாக்கியது. தண்டவாளத்தின் இரு பக்கங்களிலும் குண்டுகள் ஓடப் பள்ளம் தீட்டியிருக்கும். அதைக் கவ்விக்கொண்டு ஒரு வண்டி ஓடும். வண்டிக்குள் பொதுவாக நான்கு வரிசைக் குண்டுகள் சுழன்றுகொண்டே இருக்கும். அவை 45 பாகைக் கோணத்தில் தொடுவதால், மேல், கீழ், இடம், வலம் என எத்திசைச் சுமையையும் சமமாக ஏற்கும். திறந்த பக்கம், பலவீனமான பக்கம் என்ற பேச்சே இல்லை. எழுத்து செதுக்கும் அலகு எல்லாத் திசையிலும் திரும்பித் திரும்பி இழுக்கிறது என்பதை நினைத்தால், இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

சதுரத் தண்டவாளம் என்று முடிவானதும் அடுத்த மயக்கம் தொடங்கும்: 15 அளவா, 20-ஆ, 25-ஆ? "பெரிதாகவே வாங்குவோமே" என்ற ஆசை எழும். இங்கே பணத்தைக் கொட்டுவதற்கும் நான் எதிரி. தாங்கியின் ஆயுளைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு: அதன் இயங்குசுமைத் திறனை உண்மையான சுமையால் வகுத்து, வரும் எண்ணை மும்மடியாக்கி, 50 கிலோமீட்டரால் பெருக்க வேண்டும். தைவானின் ஹைவின் நிறுவனத்தின் 15 அளவு வண்டி ஒன்றின் திறன் 11,000 நியூட்டனுக்கு மேல். ஒரு வண்டிக்கு 200 நியூட்டன் சுமை என்று தாராளமாகவே கொள்வோம். வகுத்தால் 55. மும்மடியாக்கி 50-ஆல் பெருக்கினால் 80 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வரும். நிலவுக்குப் பத்து முறை போய்த் திரும்பலாம். நாம் செய்யப்போவதோ பலகை செதுக்கும் இயந்திரம்! எல்.எம்.16.யு.யு. என்னும் உருளைத் தாங்கியின் திறன் ஏறத்தாழ 770 நியூட்டன்தான். அதற்கே இந்தக் கணக்கில் 2,900 கிலோமீட்டர் வரும். நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் அதுவும் பல்லாண்டு ஓட்டம். ஆக, வீட்டில் செய்யும் இயந்திரத்தில் சுமைத் திறன் ஒரு கேள்வியே இல்லை. தொய்வும் தளர்வும் மட்டுமே கேள்வி. 15 அளவு ஏராளம். 25 அளவுக்குப் போகும் பணத்தைச் சட்டத்துக்குப் போடுங்கள்.

அளவைக் காட்டிலும் முக்கியமானது, ஒரு தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் வைப்பதும் அவற்றின் இடைவெளியும். பழைய மர அலமாரியின் இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். கோணிக்கொண்டு சிக்கும். அகலம் அதிகம், ஆழம் குறைவு என்பதால் வரும் கோளாறு அது. குறுக்குப் பாலத்துக்கும் அதே கதிதான். வண்டிகள் இரண்டும் ஒட்டி நின்றால் பாலம் ஆடும். மேல் கீழ் நகரும் பகுதியில் வண்டிகளின் இடைவெளி 60 மில்லிமீட்டர், அலகின் நுனி அதற்குக் கீழே 150 மில்லிமீட்டர் தொங்குகிறது என்று கொள்வோம். தாங்கியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு, நுனியில் கால் மில்லிமீட்டராகப் பெருகும். இடைவெளியை 120 ஆக்கினால் அது பாதியாகும். இதற்கு ஒரு சென்கூடச் செலவில்லை. வரைபடத்தில் இரண்டு கோடுகளைத் தள்ளிப் போட்டால் போதும். காசில்லாமல் கிடைக்கும் இந்த விறைப்பை விட்டுவிட்டு, காசு கொடுத்துப் பெரிய மோட்டார் வாங்குவது என்ன கணக்கோ!

சதுரத் தண்டவாளத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது தன்னைத் தானே நேராக வைத்துக்கொள்ளாது. பொருத்திய பரப்பு எப்படியோ அப்படியே அது வளையும். 15 அளவில் 60 மில்லிமீட்டருக்கு ஒரு திருகு. ஒவ்வொரு திருகும் தண்டவாளத்தை அடியில் உள்ள பள்ளத்துக்குள் இழுக்கும். பிளைவூட் பலகை மீது பொருத்தினால், நம் நாட்டின் ஈரப்பதத்துக்கு அது மழைக்காலத்தில் ஒரு விதமாகவும் வெயிலில் வேறு விதமாகவும் நெளியும். கூடவே தண்டவாளமும் நெளியும். கனமான சதுர இரும்புக் குழாய் அல்லது பருத்த அலுமினியச் சட்டம் வேண்டும். அதன் மேற்பரப்பைப் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்வது சிறந்தது. அதற்கு வசதியில்லாதவர்கள் மெதுவாக இறுகும் நீர்த்த எப்பாக்சியைக் கரைகட்டி ஊற்றுகிறார்கள். இரு பக்கங்களையும் ஒரு வாய்க்காலால் இணைத்துவிட்டால், தண்ணீர் போல இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து உறையும். புவியீர்ப்பு இலவசம் அல்லவா?

பொருத்தும்போது இரண்டு தண்டவாளங்களையும் ஒரே நேரத்தில் இறுக்கக் கூடாது. முதலாவதை நேர்விளிம்பு வைத்து இறுக்குங்கள், அது தலைவன். இரண்டாவதைத் தளர்வாக விட்டு, பாலத்தை ஏற்றி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தள்ளிக்கொண்டே, பாலம் நிற்கும் இடத்துத் திருகை மட்டும் இறுக்கி வர வேண்டும். எங்காவது கை கனத்தால் அங்கே நின்று திரும்பப் பார்க்க வேண்டும். பட்டறையில் உள்ள பழைய கடைசல் இயந்திரத்தின் படுகையைப் பாருங்கள். வண்டி ஓடும் பாதைகளில் ஒன்று கூம்பாகவும் ஒன்று தட்டையாகவும் இருப்பதைக் காணலாம். கூம்பு வழிகாட்டுகிறது, தட்டை சுமக்கிறது. இரண்டு பேர் வழிகாட்டினால் சண்டை வரும் என்பதை அந்தக் காலத்துக் கைவினைஞர்களே அறிந்திருந்தார்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஷோப்பியிலும் லசாடாவிலும் ஹைவின் என்று பொறித்து விற்கப்படுவதெல்லாம் ஹைவின் அல்ல. பெயரில்லாத சீனத் தண்டவாளத்தைப் பெயரில்லாததாகவே வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. விலைக்கேற்ற பொருள் அது. போலிப் பெயருக்கு அசல் விலை கொடுப்பதுதான் ஏமாளித்தனம். மற்றொரு வழியும் உண்டு. தொழிற்சாலைகள் கழித்துவிடும் இயந்திரங்களிலிருந்து கழற்றிய டி.எச்.கே., என்.எஸ்.கே. தண்டவாளங்கள் பழைய இரும்புக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. தவுக்கே எடைக்கு விலை போடுவார். என் மாமா இயந்திரப் பழுது பார்ப்பவர். அவர் சோதிக்கும் முறை இது: தண்டவாளப் பள்ளத்தில் நகத்தால் நெடுகத் தடவுவார், தடுக்கினால் வேண்டாம் என்பார். பிறகு வண்டியை இரு விரலால் மெல்லத் தள்ளுவார். கரகரவென்றால் உள்ளே துரு அல்லது தூள். வண்டியைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பார். ஆட்டம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். நன்றாக உள்ள பழையது, கண்ணைப் பறிக்கும் புதியதைவிட மேல் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சியே. ஒன்று மட்டும்: சோதிக்கும் ஆர்வத்தில் வண்டியைத் தண்டவாளத்தை விட்டு வெளியே இழுத்துவிடாதீர்கள். மலிவான வண்டிகளிலும் எம்.ஜி.என்.12 போன்ற சிறியவற்றிலும் குண்டுகள் மழையாகக் கொட்டும். விடுதி அறையின் கட்டிலடியில் மூட்டைப்பூச்சியைவிடச் சிறிய எஃகுக் குண்டைத் தேடுவது எளிதன்று.

இவ்வளவையும் தமிழில் எழுதுவானேன் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 'உராய்வு' என்ற சொல்லை நான் தமிழ்ப்பள்ளியில் கற்றேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் அது 'கெசெரான்' ஆனது, பல்கலைக்கழகத்தில் 'ஃபிரிக்ஷன்'. மூன்று பெயரிலும் அது ஒரே உராய்வுதான். ஆனால், கை சூடாகும்வரை உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொன்ன ஆசிரியையின் முகம் முதல் சொல்லோடுதான் வருகிறது. பேரிங்கைத் 'தாங்கி' என்று சொல்லும்போது அது என்ன வேலை செய்கிறது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடுகிறது. அதற்காகப் பட்டறையில் போய் "தாங்கி எடுங்கள்" என்று கேட்க மாட்டேன். பேரிங் என்றே கேட்பேன். சிந்திப்பதற்கு ஒரு சொல், கடையில் கேட்பதற்கு ஒரு சொல் என இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே.

பராமரிப்பும் சிறிது. தண்டவாளங்கள் தாங்கி எஃகால் ஆனவை, துருப்பிடிக்கும். வரும்போது பூசியிருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டு அப்படியே விட்டால், நம் ஊர்க் காற்றே போதும். மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்க வேண்டும். வண்டியின் பக்கத்தில் உள்ள சிறு முலைக்குழாய் வழியாக மசகிட வேண்டும். துரு நீக்கத் தெளிக்கும் எண்ணெய் மசகு ஆகாது. இருக்கும் மசகையும் கரைத்துவிடும். ரப்பர் மரத்தூள் மாவு போல நுண்மையானது. தூள் உறிஞ்சியைப் பொருத்தாமல் முதல் எழுத்தைக்கூட வெட்டக் கூடாது என்பதில் எங்கள் குழுவில் கருத்து வேற்றுமை இல்லை.

கருத்து வேற்றுமை வேறொன்றில் இருக்கிறது. 1,600 ரிங்கிட்டில் தண்டவாளத்துக்கும் சட்டத்துக்கும் பாதிக்கு மேல் ஒதுக்க வேண்டும் என்கிறேன் நான். மற்ற மூவரில் இருவர் இன்னும் 1.5 கிலோவாட் மோட்டாரைக் கனவு கண்டுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக மேலே உள்ள தொய்வுக் கணக்கை ஒரு தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வரும் பருவத்தில் இதே வேலையில் இறங்க எண்ணும் தம்பி தங்கையர், வாங்குவதற்கு முன் எந்தப் பொருளை வெட்டப்போகிறீர்கள், குறுக்கு நீளம் எவ்வளவு என்ற இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அளவுகோலும் அரமும் என்னிடம் உண்டு. டயல் கேஜ் மட்டும் இன்னும் இரவல்தான்.